வயலட்டின் ஓவன்

மூன்றாவது தடவையாக வாசல் பக்கத்து மெயின் போர்டில் 'டக்' என்று டிரிப்பர் விழுந்தது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. உள்ளறையில் ஃபேன் தளர்ந்து தளர்ந்து சுற்றும் சத்தம், கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. இஸ்ரவேல் ஓவனுக்கு முன்னால் குனிந்தபடியே நின்றார். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, கண்ணாடிக் கதவில் அவர் முகம் தெரிந்தது, அறுபத்துநாலு வயது முகம், காதோரத்தில் மைதா மாவு. இந்தத் தடவை இரண்டு நிமிஷம் ஓடியது, இல்லை, இரண்டரை இருக்கும், போன தடவை ஒன்றரை, அப்படியானால் கூடிக்கொண்டு வருகிறது, கூடினால் நல்லதா கெட்டதா தெரியவில்லை, காய்ச்சல் கூடினால் கெட்டது, பசி கூடினால் நல்லது, வயலட்டுக்குப் பசி கூடினால் போதும் ஆண்டவரே. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் யாரோ ஒரு அம்மா பேக்கரி கேக்கில் ஒரு துண்டை அவள் வாயில் வைத்தாள். வயலட் இரண்டு மெல்லு மென்றாள், மூக்கைச் சுருக்கினாள், முந்தானையில் துப்பி மடித்தாள். சுற்றி நின்றவர்கள் பதறிப்போய் அவரைப் பார்த்தார்கள், பாவம், விழுங்க முடியவில்லை போலிருக்கிறது என்று. அவருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. டால்டா போட்ட கேக்குக்கு வயலட் இருபது வருஷமாகச் சுருக்குகிற மூக்கு அது. இந்தத் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் பிறந்தநாள், ஞானஸ்நானம், புதுவீடு, எதற்கும் இந்த அடுக்களையிலிருந்துதான் கேக் போனது. பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கவாதம் வந்து அவளுடைய வலது கையும் பேச்சும் போயின. அன்றோடு ஓவனும் ஓய்ந்தது. பேச்சுதான் போயிருக்கிறது, அபிப்பிராயம் போகவில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வீடு வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறவளுக்கு அவளுடைய கேக்கையே செய்து கொடுத்தால் என்ன. இன்று காலையில் அவளுடைய நோட்டை எடுத்தார், பக்கம் பக்கமாக ஏலக்காய் வாசனை அடித்தது, மாவை மூன்று தரம் சலித்தார், முட்டைகளை எடுத்து வெளியே வைத்தார், ஓவனைச் சூடாக்கப் போனார். டக்.

"ஒண்ணுமில்ல வயலட், கரண்ட்தான்" என்று உள்ளறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போய் டிரிப்பரைத் தூக்கிவிட்டார். கட்டிலை ஒட்டிய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் வைத்திருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளையைப் பிடித்துவைத்த மாதிரி. அவர் ஃபிரிட்ஜைப் பிடுங்கினார், மிக்ஸியைப் பிடுங்கினார், ஓவனைப் போட்டார், டக். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். பிழை இருப்பது தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் ஒரு தாளை எடுத்து வரியை மூடிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் கண் தனக்கு வேண்டியதை வாசித்துவிடும். ஓவன் மாட்டியிருந்த பிளக்கில் இஸ்திரிப் பெட்டியை மாட்டினார், அது ஐந்து நிமிஷம் பேசாமல் காய்ந்தது, அப்படியானால் வயரிங்கில் குற்றமில்லை. ஓவனை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே மாட்டினார், டக், அப்படியானால் குற்றம் இதில்தான். அதன் மேல்தகடு வெதுவெதுப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. மூடி மூடித் திறந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் அன்றைக்கு எதை மூடினீர் நீர் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே அடுக்களையிலிருந்து வயலட் சொன்னாள், ஏங்க, அந்தச் சாவியை எடுங்க, குழம்பைக் கிண்டணும். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், கரண்டின்னு சொல்லு, சாவியைப் போட்டா குழம்பு கிண்டுவாங்க என்றார். அவளும் சிரித்தாள். சாவிங்க, சாவி என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துக் கொடுத்தார். ஒரு மணிக்கு அவள் அடுக்களைத் தரையில் கிடந்தாள். காலையில ஏதாவது வித்தியாசமா பேசினாங்களா என்று டாக்டர் கேட்டார். இல்ல டாக்டர், நல்லாத்தான் பேசினா. அப்படிச் சொன்னபோது அது பொய் இல்லை, சத்தியமாக அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள், மறுபடியும் வரக்கூடிய அறிகுறிகள் என்று. நாலாவது வரியில் இருந்தது: ஒரு சொல்லுக்கு வேறு சொல் வருதல். அதைப் படித்த நிமிஷத்தில் அவர் டாக்டரிடம் சொன்னது பொய்யாகிவிட்டது. ஒன்பதிலிருந்து ஒன்று வரை நாலு மணி நேரம். ஊரான் எழுதின புத்தகத்தில் ஒற்றெழுத்து ஒன்று விழுந்திருந்தால் விடமாட்டார், தன் வீட்டு அடுக்களையில் ஒரு சொல் முழுசாக மாறி வந்து நின்றது, சிரித்தார். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த நாலாவது வரி, இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெங்களூரில் இருக்கும் மகளிடம்கூட.

ஓவனைப் பிடுங்கி டிரிப்பரைத் தூக்கிவிட்டு, ஃபிரிட்ஜைத் திரும்ப மாட்டிவிட்டு, வீட்டுக்கு வயரிங் செய்த சுடலைமணிக்குப் போன் போட்டார். கையெல்லாம் மாவாக இருந்ததால் போனை ஹால் மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

"மொத்த வீடும் போகுதா சார், அடுக்களை மட்டும் போகுதா?"

"மொத்தமும் போகுதுப்பா. ஓவனைப் போட்டா ரெண்டு நிமிஷம். டக்குன்னு விழுந்திருது."

"அப்ப கரண்ட் ஓவன் பாடியில இறங்குது சார். தொட்டா ஷாக் அடிக்கா?"

"அடிக்கல. தொட்டுக்கிட்டுதான நின்னேன்."

"நல்லா நின்னீங்க போங்க! அந்த டிரிப்பர் இல்லைன்னா தெரிஞ்சிருக்கும். இனி அதைப் போடாதீங்க. உள்ள சூடு ஏத்துற காயில் போயிருக்கும் சார். பழசுதான, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருங்க. நான் அம்பாசமுத்திரத்துல ஒரு மண்டபத்து வேலையில நிக்கேன், நாளைக்கழிச்சு வந்து வேணா பார்க்கேன்."

"சரிப்பா" என்று போனை அணைத்தார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

"வெயில்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மாவுக் கையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். வெயிலா, இந்த அறையில் ஏது வெயில், வடக்குப் பார்த்த ஜன்னல், திரை வேறு போட்டிருக்கிறது, மார்கழி மாசத்து இருட்டு மூலையில் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஃபேன் நின்றதால் புழுக்கமாக இருக்கும், அதைத்தான் சொல்கிறாள். "புழுக்கமா இருக்கா? இதோ, வந்துருச்சு பார், ஃபேன் சுத்துது பார்." இல்லை என்று தலையை ஆட்டினாள். "வெயில்." தண்ணி வேண்டுமா, தண்ணி என்று சொல்ல அவளுக்கு வரும், 'இல்ல' வரும், 'ஐயோ' வரும், கோவிலில் பாடுகிற ஞானப்பாட்டு என்றால் மூன்று சரணமும் தங்குதடையில்லாமல் வரும், மற்றதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போகும். வெயில் என்ற சொல்லை இந்தப் பத்து மாசத்தில் அவள் சொன்னதில்லை. இல்லாத வெயிலைச் சொல்கிறாள். ஒரு சொல்லுக்கு வேறு சொல். மணி என்ன, பதினொன்று பத்து, பதினொன்று பத்து, இந்தத் தடவை மறக்கக்கூடாது, டாக்டர் கேட்டால் பதினொன்று பத்து. ஆட்டோ கூப்பிட வேண்டும், முதலில் பார்க்க வேண்டும், அந்தத் தாளில் எப்படிப் பார்ப்பது என்று போட்டிருக்கிறது. "வயலட், சிரி. கொஞ்சம் சிரி." அவள் அவரை முறைத்தாள். "சிரிம்மா, ஒரே ஒரு தடவை." சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லையா, சிரிக்க இஷ்டமில்லையா, இதை எப்படி வித்தியாசம் காண்பது, தாளில் அது போடவில்லையே. "ரெண்டு கையையும் தூக்கு." இடது கை தலைக்கு மேலே போனது, வலது கை நெஞ்சு வரை வந்து நின்றது, நேற்று எதுவரை போனது, தாடை வரை போனதா, தினமும் தூக்கிவிடுகிற கை, அவருக்கு ஞாபகமில்லை, பாவி, எதைத்தான் பார்த்தீர் நீர். "என் பேரைச் சொல்லு பார்ப்போம்." அவள் புருவத்தைத் தூக்கினாள். அவர் பேரா, கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் ஏங்க என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி அவள் அவரைக் கூப்பிட்டதுண்டா, நல்ல காலத்திலேயே சொல்லாத பேரை இப்போது சொல் என்கிறாரே என்று அவள் நினைத்திருக்க வேண்டும், சிரித்துவிட்டாள். இடது பக்கம் முழுதாக, வலது பக்கம் பாதி. நேற்று இருந்த அதே பாதி. இந்தக் கோணலை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும், ஒரு நூல் கூடக் கூடவில்லை, குறையவுமில்லை. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவள் இடது கையை நீட்டி அவர் காதோரத்து மாவைத் துடைத்துவிட்டாள். பிறகு அதே கையால் ஹாலைக் காட்டினாள். ஹாலா, மேஜையா, போனா, மகளுக்குப் போன் போடவா, டிவியா, ஜன்னலா, "திரையை விலக்கணுமா?" அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வருகிற டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. சார், நீங்க வரிசையா கேள்வி கேட்டா அவங்க தேடிக்கிட்டிருக்கிற சொல் கலைஞ்சு போகுது, வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ஒன்று. பிழை திருத்துகிறவனால் சும்மா இருக்க முடியுமா, மற்றவன் வாக்கியத்தை முடிக்கிறதே வேலையாக இருந்தவன். நாலு. எத்தனை வாக்கியத்தை அவள் வாயிலிருந்து பிடுங்கி இவர் முடித்திருப்பார், கடையில், கோவிலில், மகளுடைய பள்ளிக்கூடத்தில். ஏழு. அவள் உதடு கூடிப் பிரிந்தது. பத்து தாண்டியது, பதினைந்து. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். 

"ஓ... ஓவ..." வயலட் நிறுத்தினாள், கண்ணைத் திறந்தாள், அவரை நேராகப் பார்த்தாள். "வெயில்ல. வை."

வெயில்ல வை. பத்து மாசத்தில் முதல்தடவையாக ஒரு வேலை ஏவுகிறாள். அவர் எழுந்து அடுத்த வார்த்தை பேசாமல் ஓவனைத் தூக்கினார், தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தார், சிமெண்டுத் தரையில் வெயில் பளீரென்று கிடந்தது, வீட்டுக்குள் இருந்துகொண்டு மார்கழி மார்கழி என்று புலம்பியது எவ்வளவு முட்டாள்தனம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓவனை வைத்தார். திரும்பிப் போய் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கொய்யா மர நிழலில் உட்காரவைத்தார். அவள் விரலைச் சொடுக்கி, கதவைத் திற என்று காட்டினாள், திறந்தார். தட்டை வெளியே எடு, எடுத்தார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், திருப்பினார். வெயில் உள்ளே போய் மேலேயும் கீழேயும் ஓடுகிற காயிலின் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டுச் சைனம்பு துணி காயப்போட வந்தவள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஓவனை வெளிய வச்சாச்சா! வருஷாவருஷம் மழை விட்டதும் அக்கா இதை வெயில்ல வப்பாங்கள்லா. நானே ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிருக்கேன்." வருஷாவருஷமா என்றார் அவர். "ஆமா அண்ணாச்சி, ஈரம் ஏறிரும்லா. உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. வருஷாவருஷம் அவர் அச்சகத்தில் இருந்தார், சாயங்காலம் வரும்போது ஓவன் அடுக்களையில் அதன் இடத்தில் இருந்தது. சுடலைமணிக்கு மறுபடி போன் போட்டார். "பத்து மாசமா சும்மா கிடந்துச்சா? அதை முதல்லயே சொல்லலாம்லா சார்! காயிலுக்குள்ள ஈரம் ஏறியிருக்கும். அம்மா சொல்றது சரிதான். நல்லாக் காயட்டும், அப்புறம் கீழ் காயிலை மட்டும் கம்மியா வச்சுப் போட்டுப் பாருங்க. கை வைக்காம தள்ளி நில்லுங்க. திரும்பவும் விழுந்துச்சுன்னா விட்டுருங்க." அம்மா சொல்றது சரிதான் என்று ஸ்பீக்கரில் வந்ததை வயலட் கேட்டாள், கேட்காத மாதிரி கொய்யா மரத்தைப் பார்த்தாள்.

பிறகு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓவன் வாயைத் திறந்துகொண்டு காய்ந்தது. அணில் ஒன்று மதிலில் ஓடிவந்து அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் அவள் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார், வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார், ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தபடி, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி. மோதிர விரலில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று, கேக் தட்டு பட்டதாக இருக்கும், என்றைக்குப் பட்டது, மருந்து போட்டது யார், சைனம்புவைக் கேட்டால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஈரம் என்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம், கம்பிக்குள்ளே போய் இருந்துகொள்கிறதாம், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஓடவிட்டால்தான் வீடே அணைகிறது. இப்போது சொல்லலாமா. சொன்னால் அவளுக்கு என்ன ஆகும், அவளால் திட்டக்கூட முடியாது, திட்ட முடியாதவளிடம் போய்ச் சொல்வது என்ன நியாயம், சொல்லாமல் இருப்பது மட்டும் என்ன நியாயம், சொன்னால் இவருக்குப் பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும். சொல்லிவிட்டார். சொல்லுவது என்று முடிவு செய்யும் முன்பே வாய் சொல்லிக்கொண்டிருந்தது. "அன்னைக்குக் காலையில நீ சாவின்னே வயலட். கரண்டிக்குச் சாவின்னே. நான் சிரிச்சேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா இந்தக் கை போயிருக்காது. டாக்டர் கேட்டதுக்கு, நல்லாத்தான் பேசினான்னு சொல்லிட்டேன்." அவளைப் பார்க்காமல் அவளுடைய நடுவிரலைப் பார்த்துச் சொன்னார். வயலட் தலையைத் திருப்பினாள், அவர் முகத்தை அவள் இதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை, ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற பஸ்ஸின் பலகையை வாசிக்கிற மாதிரி பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "நா..." என்றாள். "நானும்." இடது கையால் தன் வாயைக் காட்டினாள், பின் தோளைக் குலுக்கிக் காட்டினாள், சத்தமில்லாமல். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. நானும் சிரித்தேன் என்கிறாள். ஆமாம், அவளும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இத்தனை மாசமாக அவர் தன் ஒருவர் கணக்கிலேயே வைத்திருந்தார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் கொஞ்ச நேரம் அவரை அழவிட்டாள். பிறகு அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி ஓவனைக் காட்டினாள். நிழல் அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது, தள்ளி வை என்று.

மூன்று மணிக்கு ஓவனை உள்ளே கொண்டுபோனார். வயலட்டின் நாற்காலியை அடுக்களை வாசலில் போட்டார். கீழ் காயில் மட்டும், சூடு கம்மியாக, ஸ்விட்சைத் தட்டிவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் இவ்வளவு நல்ல சத்தம் என்று யாருக்குத் தெரியும். இரண்டு. இரண்டரை. அவருடைய தோள் காதுவரை ஏறியிருந்தது. கண்ணாடிக் கதவின் உள்பக்கம் மெல்லப் பனித்தது, பனித்தது துளியாகி வழிந்தது, பிறகு ஓரத்திலிருந்து தெளிந்துகொண்டே வந்தது. ஐந்து. பத்து. மேல் காயிலையும் போடு என்று வயலட் விரலைத் தூக்கினாள், போட்டார், டிரிப்பர் விழவில்லை. அவர் முட்டையை உடைத்தார், வெண்ணெயும் சீனியும் அடித்தார், போதும் என்று அவர் நினைத்த இடத்தில் அவள் இல்ல என்றாள், மறுபடி அடித்தார், கை கடுத்தது, மறுபடியும் இல்ல, இருபது வருஷம் இந்தக் கை எப்படிக் கடுத்திருக்கும், இன்னும் கொஞ்சம், கடைசியில் அவள் கிண்ணத்தில் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்து ம் என்றாள். கேக் உள்ளே போனது. வீடு அணையவில்லை. வாசனை முதலில் அடுக்களையில் நின்றது, பிறகு ஹாலுக்குப் போனது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வாசலைத் தாண்டி வெளியே போனது.

கேக் நடுவில் லேசாகப் பள்ளமாகி வந்தது. ஆறும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை, ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து ஊதி அவள் இடது கையில் கொடுத்தார். வயலட் மென்றாள். அவர் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு சும்மா இருந்தது. விழுங்கினாள், இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள். அதற்குள் கேட் திறக்கும் சத்தம், சைனம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டே அடுக்களை வாசல்வரை வந்துவிட்டாள்.

"வாசம் எங்க வீட்டு மாடிவரைக்கும் வந்துருச்சு. என்னால இருக்க முடியல. கேக்கா? யாரு செஞ்சா அண்ணாச்சி?"

பதில் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சைனம்பு அவரைத்தான் பார்த்துக் கேட்டாள், எல்லோரும் இப்போது அவரைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், அக்கா சாப்பிட்டாங்களா, அக்கா தூங்கினாங்களா. அவர் வாயை மூடிக்கொண்டு வயலட்டைப் பார்த்தார். சைனம்புவும் அவர் பார்த்த பக்கம் திரும்பினாள். வயலட்டின் உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது. கடுகு டப்பாவின் மேல் ஒரு எறும்பு ஏறி இறங்கியது. சைனம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கையை லேசாக உயர்த்தினார், அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"நான்" என்றாள் வயலட்.

இஸ்ரவேலின் இரண்டு கையிலும் மாவு காய்ந்து வெடித்திருந்தது, சட்டையில் முட்டை வழிந்திருந்தது, தலைமுடியில்கூட வெண்ணெய்.

"ஆமா, அவதான்" என்று சொல்லிவிட்டு, சைனம்புவுக்குத் தட்டு எடுக்கப் போனார்.